சக்கரத்துக்கு ஒரு கல்

ஜேடர்பாளையத்தில் எனக்கு நண்பர் ஒருவர் இருக்கிறார். கரும்பும் வாழையும் பயிரிடுகிறவர். காவிரியின் குறுக்கே அந்த ஊரில் இருக்கும் படுகை அணையிலிருந்து பிரிகிற ராஜவாய்க்கால் அவருடைய வயலின் ஓரமாகத்தான் போகிறது. அவரிடம் ஒரு பழைய அம்பாசடர் கார் உண்டு. அவருடைய தந்தை வாங்கியது. அந்தக் காரின் டிக்கியில் எப்போதும் ஒரு கருங்கல் இருக்கும். காரை எங்கே நிறுத்தினாலும், நண்பர் இறங்கியதும் முதல் வேலையாக அந்தக் கல்லை எடுத்துச் சக்கரத்தின் அடியில் வைப்பார். புறப்படும்போது மறவாமல் எடுத்துக் கொள்வார். காரணம் வேறொன்றுமில்லை, அந்தக் காரின் கைப் பிரேக் பல ஆண்டுகளாக வேலை செய்யவில்லை.

முன்பு சிக்கனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியபோது அந்தக் கல்லைப் புகழ்ந்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். பெயரைச் சொல்லாமல், ‘செலவில்லாத அறிவு’ என்று அதைப் பாராட்டினேன். நண்பருக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. பத்திரிகையை எடுத்து வைத்திருந்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். இப்போது அந்தப் பத்தியை நான் திருத்த வேண்டியிருக்கிறது. எழுதினவனே திருத்துவதுதான் முறை.

கைப் பிரேக் ஏன் கெட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலக் காரின் மூன்றாம் வரிசையை அடியொற்றிப் பிறந்தது. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி, கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைச் செய்து வந்தது. 2014 மே மாதத்தில் அந்தத் தொழிற்சாலை வேலையை நிறுத்தியது. அதற்கு வெகு காலம் முன்பே நண்பரின் கார் தன் பிறவிக் குணத்தை இழந்துவிட்டது. பெட்ரோல் விலைக்கு அஞ்சி அவர் தந்தை டீசல் என்ஜின் பொருத்தினார். பிறகு பின் அச்சு முறிந்தபோது வேறொரு வண்டியின் அச்சை அளவு பார்த்து மாட்டினார்கள். அதற்கெல்லாம் உரிய இடத்தில் அனுமதி வாங்கிப் பதிவுப் புத்தகத்திலும் ஏற்றிவிட்டார்கள். ஆனால் பழைய கைப் பிரேக்கின் கேபிள் புதிய அச்சுக்கு எட்டவில்லை. அதன் நுனி புதிய கொக்கியில் மாட்டவும் இல்லை. ‘அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்’ என்று விட்டார்கள். நம் நாட்டில் ‘அப்புறம்’ என்ற சொல்லுக்கு ஆயுள் அதிகம். தந்தை காலமாகி, மகனுக்குத் தலை நரைத்து, அந்த ‘அப்புறம்’ மட்டும் அப்படியே இருந்தது.

இதைப் பற்றி ஒருமுறை கேட்டேன். நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரைங்க. பிரேக் இல்லாத வண்டிக்குக் கல்லு.”

ஜேடர்பாளையத்தில் இருந்துகொண்டு இந்தப் பழமொழியைச் சொல்வதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வட்டாரத்தில் கரும்பாலைக்குப் பஞ்சமில்லை. வெல்லம் காய்ச்சும் மணம் காற்றிலே வரும். அந்தச் சூழ்நிலையில் இலுப்பைப் பூவைப் பற்றிப் பேச்சு நடந்தது. நானும் சிரித்தேன். எழுதியும் விட்டேன்.

இனி, நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அணையைப் பார்க்க வந்தவர்கள் கூட்டம். ஆற்றுமீன் வறுத்து விற்கிறவர்களின் அடுப்புகள் எரிந்து கொண்டிருந்தன. ஆற்றை நோக்கி இறங்குகிற ஒரு சரிவில் நண்பர் காரை நிறுத்தினார். கியரிலே போட்டுவிட்டு, மீன் வாங்கி வருவதாகச் சொல்லிப் போகும்போது, “கல்லை மட்டும் வச்சிருங்க” என்றார். நான்தான் வைத்தேன். ஆற்றுப் பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னால், காலால் ஒரு தள்ளுத் தள்ளி வைத்தேன். தரை சிமெண்டுத் தரை, ஈரமும் இருந்தது. பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நண்பரின் பேரன் காருக்குள் ஏறி விளையாடியிருக்கிறான். கியர்க் கம்பியை அசைத்திருக்கிறான். கார் ஓசையில்லாமல் நகர்ந்தது. கல் அதைத் தடுக்கவில்லை. ஈரத்தில் வழுக்கிக்கொண்டு, சக்கரத்துக்கு முன்னே தானும் போயிற்று. யாரோ கத்தினார்கள். இரண்டு கார் நீளம் உருண்டு போய், ஒரு தள்ளுவண்டியில் மோதி நின்றது. தள்ளுவண்டியின் மறுபக்கத்தில் ஒரு பெண் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த குழந்தையை அவள் ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டாள். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது. எண்ணெய் விழுந்த இடத்தில், ஒரு நொடிக்கு முன்பு, அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது.

யாருக்கும் காயமில்லை. நண்பர் ஓடி வந்து கைகூப்பினார். அவள் திட்டவில்லை. எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, வண்டிய நிறுத்தத் தெரியாதுங்களா?” என்று மட்டும் கேட்டாள். நண்பர் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினார். எண்ணெய்க்கும் மீனுக்கும் உரியதை மட்டும் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணின் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. வண்டியை ஓட்டத் தெரிவதைக் கற்றுக்கொள்கிறோம். அதற்குத் தேர்வு உண்டு, உரிமம் உண்டு. நிறுத்தத் தெரிவது என்றால் என்ன?

மறுநாள் இருவரும் நாமக்கல்லுக்குப் போனோம். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளுக்குப் பெயர் போன ஊர் அது. தெருவுக்குத் தெரு இரும்பின் ஓசை கேட்கும். உதிரி பாகக் கடைகளில் அம்பாசடரின் அசல் கைப் பிரேக் கேபிள் கேட்டோம். ஒரு கடையில் கிடைத்தது. ஆனால் அது அசல் அச்சுக்குரியது, இந்தக் காருக்குப் பயன்படாது. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் அந்த மாற்று அச்சுக்குரிய கேபிள் கிடைக்கும் என்றார் ஒருவர். அதுவோ இந்தக் காரின் லீவருக்குப் பொருந்தாது. பழைய அச்சையே தேடிப் பிடித்து முழுவதையும் மாற்றச் சொன்னார் இன்னொருவர். அதற்கு ஆகும் பணத்தில் ஒரு நல்ல கறவை மாடு வாங்கலாம். வேறொரு இடத்தில் மலிவான வழி ஒன்று சொன்னார்கள்: மோட்டார் சைக்கிளின் கிளட்ச் ஒயரை இரண்டாக மடித்துக் கட்டிவிடலாம், இருநூறு ரூபாயில் வேலை முடியும் என்று. நண்பரின் முகம் மலர்ந்தது. காரை மாதம் நான்கு நாள் எடுப்பதே அதிகம். அதற்கு இது போதாதா என்று என்னைப் பார்த்தார்.

கடைசியில் ஒரு சிறிய லேத் பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த மெக்கானிக் வயதானவர். அதிகம் பேசாதவர். காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். கிளட்ச் ஒயர் யோசனையை நண்பர் சொன்னார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது இதுதான்:

“கால் பிரேக்குல மிச்சம் புடிச்சா உங்க உசிரோட போகுமுங்க. கைப் பிரேக்குல மிச்சம் புடிச்சா அடுத்தவன் உசிருங்க. நீங்கதான் வண்டியில இருக்க மாட்டீங்களே!”

எத்தனையோ அறநூல்களைப் புரட்டியவன் நான். எனக்குத் தோன்றாத வேறுபாடு அவருக்குத் தோன்றியிருக்கிறது. கால் பிரேக் நாம் இருக்கும்போது வேலை செய்வது. அது தளர்ந்தால் நம் பாதத்துக்கு முதலில் தெரியும். நம் அச்சமே நம்மைத் திருத்தும். கைப் பிரேக்கோ நாம் இறங்கிப் போன பிறகு வேலை செய்வது. நாம் வீட்டில் உண்ணும்போது, உறங்கும்போது, ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, நமக்குப் பதிலாக அங்கே நிற்பது அது. அது தோற்றால் சரிவுக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்களை நாம் கேட்டுக்கொண்டு மிச்சம் பிடிக்கவில்லை.

சட்டமும் இந்த நுட்பத்தை அறிந்துதான் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 126-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பொது இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறவன், உரிமம் பெற்ற ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் வைத்துவிட்டுப் போக வேண்டும்; இல்லையேல் என்ஜினை நிறுத்தி, பிரேக்கைப் போட்டோ, வேறு ஏற்பாடு செய்தோ, தான் இல்லாதபோது வண்டி நகராதபடி உறுதி செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. ‘வேறு ஏற்பாடு’ என்பதைக் கவனியுங்கள். சட்டம் கல்லை இகழவில்லை. கல் வைத்தாலும் சரி, கட்டை வைத்தாலும் சரி, வண்டி நகரக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஆண்டு வந்த விதிகளில், காருக்குக் காலால் இயங்கும் பிரேக் ஒன்றும், நிறுத்தி வைக்கும் பிரேக் ஒன்றும் தனித்தனியாக இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கல் துணையாகலாம், பிரேக்குக்கு வாரிசாக முடியாது.

இங்கே நீங்கள் ஒன்று கேட்கலாம். ‘மாற்றுப் பொருள் இல்லாமல் நம்மைப் போன்ற ஏழை நாட்டில் வாழ முடியுமா? அசலைத்தான் வாங்க வேண்டும் என்றால் பணக்காரன் மட்டும்தானே வண்டி வைத்துக்கொள்ள முடியும்?’ நியாயமான கேள்வி. மாற்றுப் பொருளை நான் குறை சொல்லவில்லை. கொங்கு நாட்டின் உழைப்பே பாதி மாற்றுப் பொருள்களால் ஆனது. மோட்டார் வண்டியின் பழைய அச்சையும் டயரையும் மாட்டு வண்டிக்குப் பொருத்தினார்கள். மரச் சக்கரத்தைவிட அது மாட்டுக்கு இலேசாக இருந்தது. அசலை வெல்லும் மாற்றும் உண்டு என்பதற்கு அந்த டயர் வண்டியே சான்று.

கல்லுக்கும் பெருமை உண்டு. நம் தேர்களை நினைத்துப் பாருங்கள். அத்தனை பெரிய தேரை ஆயிரம் கைகள் இழுக்கின்றன. அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டைதான். திருவாரூர்ப் பெரிய தேருக்கு, திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக் அமைத்துக் கொடுத்தார்கள்; அது வருவதற்கு முன் எத்தனையோ தலைமுறைகள் கட்டையை நம்பித்தான் தேர் ஓடியது. ஆனால், கட்டை போடுகிறவன் சக்கரத்தின் அருகிலேயே இருக்கிறான். கண்ணை எடுப்பதில்லை. கட்டை தோற்றால் முதலில் நசுங்குவது அவன் கைதான். அதனால்தான் அந்தக் கட்டை நம்பத் தகுந்ததாக இருக்கிறது. என் கல்லோ காலால் தள்ளப்பட்ட கல். தள்ளியவன் ஆற்றின் அழகைப் பார்க்கப் போய்விட்டான். பொருளின் மலிவு அன்று குற்றமாகவில்லை. என் அலட்சியம் குற்றமாயிற்று. முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் வசைச் சொல்லாக்கிவிட்டோம். நல்ல காரியத்தைக் கெடுப்பவனை ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்கிறோம். ஓட்டத்தின் மேல் நமக்கு அவ்வளவு காதல்.

ஓட்டுநர் இல்லாமல் ஓடிய வண்டிகளின் கதை உலகமெங்கும் இருக்கிறது. 2013 ஜூலையில் கனடா நாட்டில் லக்-மெகான்டிக் என்ற சிற்றூருக்கு மேலே சரிவில் ஓர் எண்ணெய் ரயிலை இரவில் நிறுத்தினார்கள். கைப் பிரேக்குகள் சிலவற்றைத்தான் இறுக்கினார்கள். மீதிப் பிடிப்பை, ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் காற்றழுத்தம் தந்தது. பின்னர் அந்த என்ஜினில் தீப்பிடித்து, அதை அணைத்து நிறுத்தியபோது காற்றும் மெல்ல மெல்லக் கசிந்தது. ரயில் உருண்டு ஊருக்குள் புகுந்து எரிந்தது. 47 பேர் மாண்டார்கள். நம் நாட்டிலும் 2024 பிப்ரவரியில் கதுவா நிலையத்தில் நின்ற சரக்கு ரயில் ஒன்று ஓட்டுநர் இல்லாமலே கிளம்பி, 70 கிலோ மீட்டருக்கு மேல் ஓடிப் பஞ்சாபில்தான் நின்றது. தண்டவாளத்தில் மரக்கட்டைகளையும் மணல் மூட்டைகளையும் போட்டுத்தான் நிறுத்தினார்கள். நல்லவேளையாக யாரும் சாகவில்லை.

வண்டிகளோடு இது முடிவதில்லை. 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து மாண்டதை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட கிணறுகளை எப்படி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருந்தது. என்றாலும் ஒரு சாக்கையோ முள்ளையோ மேலே போட்டுவிட்டு, ‘இது போதும்’ என்று நகர்கிற கிணறுகள் நம் கிராமங்களில் எத்தனை! தண்ணீர் வந்திருந்தால் அங்கே காவல் இருந்திருக்கும், குழாய் இருந்திருக்கும், மூடியும் இருந்திருக்கும். நமக்குப் பயன்படுகிற வரையில் ஒரு பொருளைக் கவனமாகக் காப்போம். பயன் முடிந்து நாம் விலகிய பிறகு அது யாரை என்ன செய்யும் என்பதைக் காக்கத்தான் மனம் வருவதில்லை.

ஒழுக்கத்தின் உண்மையான சோதனை இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் எதிரில் நிற்கும்போது பிறருக்குச் செய்யும் நன்மையில் நாணம் கலந்திருக்கலாம், புகழாசை கலந்திருக்கலாம். நாம் போன பிறகு பிறருக்குத் தீங்கு வராதபடி செய்துவிட்டுப் போவதில் அவை எதுவும் இல்லை. நன்றாகப் போட்ட கைப் பிரேக்குக்கு எவரும் நன்றி சொல்வதில்லை. அதனால் காப்பாற்றப்பட்டவருக்கே அது தெரியாது.

எனவே மலிவான மாற்றைத் தேடுகிறவன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி விலையைப் பற்றியது மட்டும் அன்று. ‘இது தோற்றால் தாங்கப் போகிறவன் யார்?’ என்பதே முதற் கேள்வி. நானே தாங்கப் போகிறேன் என்றால், தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம். கிழிந்த குடையைப் பிடித்துக்கொண்டு போனால் நனையப் போகிறவன் நான். பிறன் தாங்கப் போகிறான் என்றால், அந்த மிச்சப் பணம் என் பணம் அன்று. அவனைக் கேட்காமல் அவனிடம் வாங்கிய கடன். இன்னொரு கேள்வியும் உண்டு: ‘இந்த மாற்று, தான் மாற்று என்பதை மறைக்கிறதா?’ இலுப்பைப் பூ தன்னைச் சர்க்கரை என்று சொல்லிக்கொள்வதில்லை. சக்கரத்தடிக் கல்லும் அப்படியே. பார்த்தவுடன் எவனும் எச்சரிக்கை கொள்வான். ஆனால் கிளட்ச் ஒயரில் கட்டிய லீவர் பொய் சொல்லும். இழுத்தால் கைக்கு இறுக்கமாகத் தெரியும். இழுத்தவன் நம்பிப் போய்விடுவான். மெல்லிய ஒயர் நாளுக்கு நாள் நீண்டு, ஒரு நாள் அறுந்துவிடும். மாற்றுக்கும் போலிக்கும் உள்ள தூரம் இதுதான்.

அந்த மெக்கானிக் என்ன செய்தார் என்று சொல்லாமல் முடிக்கக் கூடாது. அவர் அசலையும் வாங்கச் சொல்லவில்லை, போலியையும் மாட்டவில்லை. மாற்று அச்சின் டிரம்முக்குள் அதற்குரிய கைப் பிரேக் நெம்புகோல்கள் கெடாமல் இருந்தன. அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்தார். தேய்ந்த பிரேக் ஷூக்களை மாற்றினார். அசல் கேபிளின் கனத்திலேயே, இந்தக் காருக்குத் தேவையான நீளத்தில், புதிய கேபிள் ஒன்று செய்வித்தார். ஒரு நுனி பழைய லீவருக்கும், மறு நுனி புதிய அச்சுக்கும் பொருந்தும்படி முனைகளை அழுத்திப் பதித்தார்கள். இரண்டு சக்கரங்களுக்கும் இழுப்பு சமமாகப் போவதற்கு ஓர் இரும்புத் துண்டைக் கடைந்து கொடுத்தார். ஷூக்களைச் சரி செய்த பிறகே கேபிளை இறுக்க வேண்டும், தளர்ச்சியைக் கேபிளில் மறைக்கக் கூடாது என்றார். ஆன செலவு, வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு நண்பர் எடுக்கும் பட்டு வேட்டியின் விலைதான். இதற்குத்தான் இருபது ஆண்டுகள் கல் சுமந்திருக்கிறார்!

வேலை முடிந்ததும் பட்டறைக்காரர் காரை ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தினார். கைப் பிரேக்கை மட்டும் போட்டுக் கியரை விடுவித்தார். பிறகு காரைத் திருப்பி இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி அதே சோதனையைச் செய்தார். “ஒரு ராத்திரி இப்படியே நிக்கட்டுங்க. காலையில நின்ன இடத்துலயே இருந்தா எடுத்துட்டுப் போங்க. கொல்லிமலை எழுபது வளைவுலயும் எங்க வேணும்னாலும் நிறுத்தலாம்” என்றார். சக்கரங்களுக்குக் கீழே இரண்டு பெரிய கட்டைகளை ஒரு விரற்கடை இடைவெளி விட்டு வைத்தார். தன் வேலையின் மேல் நம்பிக்கை உள்ளவர்தான். ஆனாலும் மேட்டுக்குக் கீழே தெரு இருந்தது.

மறுநாள் காலை கார் நின்ற இடத்திலேயே நின்றது. இடைவெளி அப்படியே இருந்தது.

ஜேடர்பாளையத்துக்குத் திரும்பும் வழியில் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நீங்க அந்தக் கல்லைப் பத்தி எழுதினதைப் படிச்சுத்தானுங்க நான் இன்னும் ரெண்டு வருஷம் சும்மா இருந்துட்டேன்” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அது குறையாகத்தான் பட்டது. எழுத்தும் ஒருவகையில் நிறுத்திவிட்டுப் போகிற வண்டிதான். எழுதியவன் அடுத்த கட்டுரைக்குப் போய்விடுகிறான். அது எந்தச் சரிவில் நிற்கிறது, கீழே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓர் அழகான வாக்கியத்துக்காக நான் அன்று கல்லைப் புகழ்ந்தேன். யோசனைக்குப் பதிலாக அந்த வாக்கியத்தை வைத்தேன். அதுவும் மலிவான மாற்றுத்தான்.

மாலையில் அணைப் பக்கம் போனோம். அந்தப் பெண் புதிய சட்டியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. நண்பர் காரை மேலே, சமதரையில் நிறுத்தினார். கைப் பிரேக்கை இழுத்தார். இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து கல்லையும் எடுத்தார். நான் அதை வாங்கிக் குனிந்து, கையாலேயே, சக்கரத்தோடு ஒட்ட வைத்தேன்.